இருதய வரைவு: கருவி மட்டும் போதுமா?

நெஞ்சிலே நோ எடுத்தது. வாய்வு என்று எண்ணி இஞ்சியும் உள்ளியும் இடித்துக் குடித்துவிட்டுப் படுத்தார். விடியுமுன் உயிர் பிரிந்துவிட்டது. இத்தகைய செய்தி எங்கள் ஊர்களுக்குப் புதியதன்று. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் விதி என்று சொல்லி ஆறுதல் கூறுகின்றனர். விதியின்மேற் பழியைப் போடுவது எளிது. அது மறுத்துப் பேசாது. ஆனால் அந்த மனிதர் நோவோடு படுத்திருந்த ஐந்தாறு மணி நேரத்துள், பத்து நிமிடத்தில் எடுத்து முடிக்கக்கூடிய ஒரு வரைவு அவர் நெஞ்சிலிருந்து எடுக்கப்பட்டு, அதனை வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்திருந்தால், முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும். இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கான காரணங்களுள், இருதயத்துக்குக் குருதி குறைவதால் வரும் நோய் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கின்றது. ஆகவே இது ஒருவர் இருவருடைய விதியைப் பற்றிய பேச்சன்று. ஒரு சமூகத்தின் ஏற்பாட்டைப் பற்றிய பேச்சு.

இருதய மின்வரைவுக் கருவியை, அதாவது எல்லோரும் ஈ.சி.ஜி. என்று அழைக்கும் கருவியை, எங்கள் ஊர் வைத்தியசாலைக்குத் தாருங்கள் என்று கிராமச் சங்கங்கள் மனுக் கொடுக்கின்றன. வெளிநாடுகளில் வாழும் எம்மவர் பணம் சேர்த்து அனுப்புகின்றனர். கருவி வந்திறங்கும் நாளில் மாலையும் மேடையும் படப்பிடிப்பும் நடைபெறுகின்றன. இவற்றிலே குறை காண்பது எமது நோக்கமன்று. ஆனால் ஒன்றை ஒளிக்காமற் சொல்ல வேண்டும்: கருவி பாதி வேலையைக்கூடச் செய்வதில்லை. வரைவை எடுப்பவர், வாசிப்பவர், வாசித்தபின் செய்யவேண்டியதைச் செய்பவர் ஆகிய மூவரும் உரிய நேரத்தில் இல்லாவிட்டால், அது வெறுங் கடதாசியிற் கீறிய வெறுங் கோடு. நாம் கேட்கவேண்டியது கருவியை மட்டுமன்று. நோவு தொடங்கிய நொடியிலிருந்து மருந்து ஏறும் நொடிவரையுள்ள நேரத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை.

கருவி செய்வது என்ன?

இருதயம் தசையாலான ஓர் உறுப்பு. ஒவ்வொரு முறை அது சுருங்குவதற்கு முன்பும் ஒரு மெல்லிய மின்னலை அதன் வலப்புறச் சோணையறையிலே தோன்றி, கீழே இருக்கும் இதயவறைகள்வரை பரவுகின்றது. அந்த அலையின் சாயல் உடம்பெங்கும் பரந்து தோலின் மேற்பரப்புவரை வருகின்றது. தோலில் அது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ற்று அளவினது. கையில் எடுத்துச் செல்லும் டோர்ச் லைற்றின் ஒரு பற்றரியிலுள்ள மின்னழுத்தத்தில் ஆயிரத்தைந்நூற்றில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய அசைவைப் பெருக்கி, நொடிக்கு 25 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடும் கட்டக் கடதாசியில் எழுதிக் காட்டுவதே இக்கருவியின் தொழில். கடதாசியிலுள்ள ஒரு சிறு கட்டம் நொடியில் 0.04 பங்கு. நாடி பிடித்துப் பார்ப்பவரின் விரலுக்கு எட்டாத நுட்பம் அந்தச் சிறு கட்டங்களுக்குள் அடங்கியிருக்கின்றது.

கை கால்களில் நான்கும் மார்பில் ஆறுமாகப் பத்து மின்வாய்களை வைத்து, பன்னிரண்டு கோணங்களிலிருந்து இருதயத்தைப் பார்க்கின்றனர். ஏன் பன்னிரண்டு? கமக்காரருக்கு இதனை விளக்குவது கடினமன்று. பெரிய வயலொன்றிலே ஒரு வாய்க்கால் அடைபட்டுப் போனால், அந்த வாய்க்கால் பாயும் துண்டு மட்டும் வாடும். ஒரே வரம்பில் நின்று பார்ப்பவனுக்கு வயல் முழுவதும் பச்சையாகத் தோன்றலாம். சுற்றிவர நடந்து பார்ப்பவனே வாடிய துண்டைக் காண்பான். இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் முடியுரு நாடிகளும் அத்தகைய வாய்க்கால்களே. அவற்றுள் எது அடைபட்டது, எந்தப் பக்கத்துத் தசை வாடத் தொடங்கியது என்பதைப் பன்னிரண்டு வரம்புகளிலும் நின்று பார்த்துச் சொல்வதே இந்த வரைவு.

கருவி உடம்புக்குள் மின்சாரத்தைச் செலுத்துமோ என்று அஞ்சும் முதியோர் உளர். அந்த அச்சம் தேவையற்றது. அது உடம்பிலிருந்து செய்தியை வாங்குகின்றதேயன்றி, உடம்புக்குள் எதனையும் ஏற்றுவதில்லை. நோவில்லை, ஊசியில்லை, குருதியெடுப்பில்லை.

அதே வேளையில், கருவிக்கு இல்லாத வல்லமையை அதற்கு ஏற்றிச் சொல்வதும் தீங்கு. ஒருமுறை எடுத்த வரைவு சரியாக இருக்கின்றது என்பதனால் மாரடைப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நோவு தொடர்ந்தால் வரைவை மீண்டும் மீண்டும் எடுக்கவேண்டும். குருதியிலே ட்ரோபோனின் என்னும் பொருளின் அளவையும் சோதிக்கவேண்டும். "ஈ.சி.ஜி. எடுத்தோம், ஒன்றுமில்லை என்று சொன்னார்கள்" என்று வீட்டுக்குத் திரும்பி, நோவு விடாமலிருந்தும் பேசாமற் படுத்திருப்பது ஆபத்து.

நாயின் காலும் பாராளுமன்றமும்

இந்தக் கருவியின் வரலாற்றிலே அரசியல் வாசகர்களுக்கு உகந்த ஒரு செய்தி உண்டு. மனித இருதயத்தின் மின்னசைவை முதன்முதலிற் பதிவு செய்தவர் ஒகஸ்டஸ் வாலர், ஆண்டு 1887, இடம் இலண்டனிலுள்ள சென் மேரிஸ் வைத்தியசாலை. மெல்லிய குழாயினுள்ளே இரசம் ஏறியிறங்குவதைப் படம்பிடிக்கும் கருவி ஒன்றையே அவர் பயன்படுத்தினார். படத்தகட்டை நகர்த்துவதற்கு அவருக்குக் கிடைத்தது ஒரு விளையாட்டுப் புகைவண்டி. அவர் தமது வளர்ப்பு நாயாகிய ஜிம்மியின் கால்களை உப்பு நீரில் நிறுத்திச் சபைகளிலே இச்சோதனையை நடத்திக் காட்டுவது வழக்கம்.

1909 ஆம் ஆண்டு இது பிரித்தானியப் பாராளுமன்றம்வரை சென்றது. நாயை வதை செய்கின்றனரோ என்று ஓர் உறுப்பினர் வினா எழுப்பினார். உள்நாட்டு அமைச்சராக இருந்த ஹேபேட் கிளாட்ஸ்ரன் எழுந்து, அது சிறிது சாப்பாட்டு உப்புக் கலந்த நீர்தான், கடற்கரையிற் கால் நனைத்தவர் எவரும் அந்த உணர்ச்சியை அறிவர் என்ற கருத்துப்பட விடையளித்தார். இதனைச் சிரிப்பதற்காக மட்டும் நாம் எடுத்துக் கூறவில்லை. ஒரு நாயின் கால் உப்பு நீரில் நின்றதைப் பற்றி ஒரு சபை வினவியது. அமைச்சர் எழுந்து விடை சொல்ல வேண்டியிருந்தது. மக்களாட்சி என்பது அத்தகைய சின்ன வினாக்களால் நடப்பது. அதனைப் பின்னர் பேசுவோம்.

வாலருக்கே தமது கண்டுபிடிப்பின் பயனில் நம்பிக்கை குறைவு. வைத்தியசாலைகளில் இது பரவலாகப் பயன்படும் என்று தாம் எண்ணவில்லை என அவர் கூறினார். அவர் எண்ணியது பிழையென்று காட்டியவர் வில்லெம் எயிந்தோவன்.

லைடன் நகரத்துக் கம்பி

எயிந்தோவன் பிறந்தது ஐரோப்பாவிலன்று. ஒல்லாந்தர் ஆண்ட யாவாத் தீவின் செமராங் நகரிலே, 1860 ஆம் ஆண்டில். வைத்தியராயிருந்த தந்தை இறந்தபின் தாயார் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒல்லாந்துக்குத் திரும்பினார். எயிந்தோவன் லைடன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியரானார். எங்கள் வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் லைடன் என்பதை யாழ்ப்பாணத்து வாசகர் அறிவர். அந்தப் பெயரைத் தந்த நகரத்திலேதான் இன்றைய ஈ.சி.ஜி. உருவாயிற்று.

அவர் 1901 ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்ட கம்பிக் கல்வனோமானி என்னும் கருவியின் உயிர்நிலை, வெள்ளி பூசிய மிக மெல்லிய படிக இழை. உருகிய படிகத்தை அம்பிலே பிணைத்து எய்து அத்தகைய இழையை இழுத்தனர். வலிய மின்காந்தத்தின் இடையே தொங்கிய அந்த இழை, இருதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் அசைந்தது. கருவியின் நிறை ஏறத்தாழ 270 கிலோ. காந்தம் சூடேறாமலிருக்க நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டும்.

இத்துணைப் பெரிய கருவியை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டு செல்ல முடியாது. நோயாளியையும் ஆய்வுகூடத்துக்கு எளிதிற் கொண்டுவர முடியாது. எயிந்தோவன் என்ன செய்தார்? 1905 ஆம் ஆண்டு, வைத்தியசாலையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த தமது ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இருதய அசைவை வரவழைத்துப் பதிவு செய்தார். நோயாளி வைத்தியசாலையிலேயே இருந்தார். வரைவு மட்டும் பயணம் செய்தது. வரைவின் மேடு பள்ளங்களுக்கு அவர் இட்ட பி, கியூ, ஆர், எஸ், ரி என்னும் பெயர்களையே இன்றும் உலகெங்கும் வைத்தியர்கள் வழங்குகின்றனர். 1924 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

கருவி பின்னர் மெலிந்துகொண்டே வந்தது. சார்ள்ஸ் டார்வினின் மகன் நிறுவிய கேம்பிரிட்ஜ் கருவித் தொழிற்சாலை 1911 இல் அதனை மேசையளவாக்கிற்று. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்கரான நோர்மன் ஹோல்ட்டர், நடமாடும் மனிதனின் இருதயத்தைப் பதிவு செய்ய ஏறத்தாழ 38 கிலோ நிறையுள்ள கருவியை முதுகிலே சுமந்தார். அவர் பெயரால் வழங்கும் கருவி இன்று சட்டைப் பையினுள் அடங்கும். 2008 ஆம் ஆண்டளவில் பெங்களூரிலே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார், கிராம வைத்தியர்களை மனத்திற் கொண்டு, பற்றரியில் இயங்குவதும் தோட்பையில் எடுத்துச் செல்லத்தக்கதுமான கருவி ஒன்றை ஆக்கினர். பயணச் சீட்டு அடிக்கும் சிறு பொறிகளில் உள்ளதைப் போன்ற அச்சுப்பொறியை அதிற் பொருத்தி விலையைக் குறைத்தனர்.

270 கிலோ ஒரு கையில் தூக்கும் பாரமாயிற்று. ஆகவே இன்று எமக்கும் வரைவுக்கும் இடையே நிற்பது கருவியின் பாரமன்று. எயிந்தோவன் 1905 இல் வென்ற தூரத்தை, கையிலே தொலைபேசி இல்லாத மனிதரைக் காண்பது அரிதாகிவிட்ட இக்காலத்திலும் நாம் முற்றாக வெல்லவில்லை என்பதே குறை.

நேரம் ஏன் உயிராயிற்று?

முன்னாளில் இந்த வரைவு நோய்க்குப் பெயர் சூட்ட உதவிற்று. நோயைத் தீர்க்க அதிகம் உதவவில்லை. 1912 இல் சிக்காகோ வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக், முடியுரு நாடி அடைபட்ட மனிதன் உடனே இறந்துவிடுவான் என்பதில்லை என்று எடுத்துக் காட்டினார். 1920 இல் ஹரல்ட் பார்டி, அந்த அடைப்பு வரைவிலே எவ்வாறு தோன்றுகின்றது என்று விளக்கினார். ஆயினும் நீண்ட காலம் வைத்தியர்களால் விதிக்க முடிந்தது படுக்கையும் ஓய்வுமே.

நிலைமை மாறியது குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தினால். 1988 இல் வெளியான பெரும் பரிசோதனையிலே, மாரடைப்பு என்று ஐயுறப்பட்ட 17,187 பேர் சேர்க்கப்பட்டனர். ஸ்ரெப்ரோகைனேஸ் என்னும் கரைக்கும் மருந்தும் அஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களுள் ஐந்து வாரத்தில் இருதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்தவர் நூற்றுக்கு 8.0, இரண்டும் பெறாதவர்களுள் 13.2. அஸ்பிரின் விலையுயர்ந்த மருந்தன்று என்பதைக் கவனிக்க.

ஆனால் கட்டியைக் கரைக்கும் மருந்து கண்டவர்க்கெல்லாம் கொடுக்கக்கூடியதன்று. நெஞ்சு நோவுக்கு வேறு காரணம் இருக்கும்போது கொடுத்தால், மூளையிலே குருதி கசிந்து உயிரையே பறிக்கக்கூடும். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்ற வாயிற்கதவின் திறவுகோல்களுள் முதன்மையானது இந்த வரைவு. நோயாளி வந்து பத்து நிமிடத்துள் வரைவு எடுக்கப்பட்டு வாசிக்கப்பட வேண்டும் என்பது இன்று உலகம் ஒப்பிய விதி. நோவு தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடைப்பைத் திறப்பது பயன்தரும்; ஆயினும் பன்னிரண்டாவது மணியின் பயனும் முதலாவது மணியின் பயனும் ஒன்றல்ல. வாய்க்காலை விரைவில் வெட்டிவிட்டால் பயிர் நிமிரும். கருகியபின் வெட்டினால் வரம்பு மட்டும் நனையும்.

எங்கள் ஊர்களின் கணக்கு

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் போதனா வைத்தியசாலைகள் உள்ளன. அவற்றுக்கு அருகிலே குடியிருப்பவர் நல்வாய்ப்புப் பெற்றவர். ஆனால் கமக்காரன் வாழ்வது வைத்தியசாலைக்குப் பக்கத்திலன்று, வயலுக்குப் பக்கத்தில். படுவான்கரையிலும், வன்னியின் உட்கிராமங்களிலும், மூதூருக்கு அப்பாலும் நோவெடுத்தவன் முதலிற் போகும் இடம் பிரதேச வைத்தியசாலை. நெடுந்தீவு மக்களுக்கு அதற்கப்பால் ஒரு கடலும் உண்டு. குறிகட்டுவானுக்கு வரும் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடவேண்டும். சோளகக் காற்று எழுந்தால் அந்தக் கடல் எப்படியிருக்கும் என்பதை அத்தீவார் அறிவர். அப்படிப்பட்ட இடத்திலே எடுத்த வரைவை ஒருவர் உடனே வாசித்து, "இவரை இப்போதே அனுப்புங்கள், அதற்கு முன் இந்த மருந்தைக் கொடுங்கள்" என்று சொல்வதற்கும், "காலையிற் பார்ப்போம்" என்பதற்கும் இடையிலேதான் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் இருக்கின்றது.

கருவி ஓரிடத்தில் இருக்கின்றது என்று ஏட்டிலே பதிந்திருப்பது ஒன்று. அது இயங்குகின்றது என்பது வேறொன்று. வரைவுக் கடதாசிச் சுருள் தீர்ந்தால் கருவி ஊமை. மின்வாய்க் கம்பிகளுள் ஒன்று உள்ளே அறுந்தால் வரைவு பொய் சொல்லும். பற்றரி பழுதானால் மின்வெட்டு நேரத்தில் அது மேசை அலங்காரம். அன்பளிப்பாக வந்த கருவிக்கு ஏற்ற சுருளும் உதிரிப்பாகமும் இந்நாட்டிலே கிடையாவிட்டால், அன்பளித்தவரின் பணமும் அன்பும் உறைக்குள்ளே தூங்கும். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வைத்தியக் கருவிகளின் அன்பளிப்பைப் பற்றி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, பெறுபவரின் தேவையையும் பராமரிக்கும் வசதியையும் முதலில் ஆராயுமாறு வற்புறுத்தியது இதனாலேதான். கருவி அனுப்ப எண்ணும் வெளிநாட்டு உறவுகள், அதே பணத்தில் ஒரு பங்கைச் சுருளுக்கும் கம்பிக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்கினால், அவர்கள் கொடை மும்மடங்கு பயன் தரும்.

மற்றொன்று, எவரும் மேடையிற் பேசாதது. வரைவெடுக்க மார்பைத் திறக்க வேண்டும். எங்கள் பெண்கள் பலர், வரைவெடுப்பவர் ஆண் என்று கண்டால் நோவை மறைத்து விடுகின்றனர். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளருக்கும் மாரடைப்பு பல வேளைகளில் நெஞ்சு நோவாக அன்றி, களைப்பாகவும் மூச்சு முட்டாகவும் குமட்டலாகவும் வருவதனால், அவர்கள் ஏற்கெனவே பிந்தி வருகின்றனர். பெண் பதிவாளரும் ஒரு மறைப்புத் திரையும் இருப்பது ஆடம்பரமன்று. அது வைத்தியத்தின் பகுதி.

அயலிலே கண்ட வழி

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலே இதற்கு ஒரு வழி கண்டனர். சிறிய வைத்தியசாலைகளையும் அம்புலன்ஸ் வண்டிகளையும் பெரிய வைத்தியசாலைகளோடு இணைத்து, வரைவை அனுப்பி வாசிப்பித்து, முதலில் மருந்தால் கட்டியைக் கரைத்து, பின்னர் பெரிய இடத்துக்கு மாற்றும் முறையை வகுத்தனர். 2,420 நோயாளிகளைக் கொண்டு அதனை ஆராய்ந்து 2017 இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டுள் இறந்தவர் முன்பு நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது, முறை வந்தபின் 14.2 ஆகக் குறைந்தது. அங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தவற்றை ஒன்றோடொன்று பிணைத்தனர், அவ்வளவே.

எமது நாட்டிலும் பிணைப்பதற்கான கயிறுகள் இல்லாமலில்லை. இந்திய உதவியுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை, 2018 இல் வடக்குக்கும் விரிந்தது. வைத்தியம் இலவசம். வரைவை எடுப்பதற்கெனப் பயின்ற பதிவாளர் என்ற பதவியும் அரசாங்க சேவையில் உண்டு. குறைவது அவற்றை இரவும் பகலும் இணைக்கும் ஒழுங்கு.

சொல்லப்படும் தடைகள்

பணமில்லை என்பர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மருந்துகளுக்கும் வைத்தியப் பொருள்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டை எவரும் மறந்துவிடவில்லை. ஆனால் வரைவைத் தொலைவுக்கு அனுப்பும் வேலைக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. இருக்கும் கருவி, இருக்கும் தொலைபேசி, பொறுப்பேற்கும் ஒரு வைத்தியர், அவருக்கென ஒரு கடமைப் பட்டியல் ஆகியனவே வேண்டுவன. பிந்தி வந்த நோயாளியின் பழுதுபட்ட இருதயத்தை ஆண்டுக்கணக்கில் மருந்தால் தாங்கும் செலவு, நேரத்தோடு காப்பதற்கான செலவிலும் மேலானது.

வைத்தியர் போதாது என்பர். நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை எமது வாதத்துக்கே துணை நிற்கின்றது. நிபுணர் ஒருவர் பத்து ஊர்களுக்குப் போக முடியாது. பத்து ஊர்களின் வரைவு ஒருவரிடம் போக முடியும்.

கருவியே வாசித்துச் சொல்லுமே என்பர் சிலர். வரைவின் தலைப்பிலே கருவி அச்சிடும் முடிவுரை உதவியாக இருக்கலாம். ஆனால் அது பிழைவிடுவதும் உண்டு. கற்றோர் கையிலே அணியும் மணிக்கூடுகளுக்கும் இது பொருந்தும். 2018 முதல் சில மணிக்கூடுகள் இருதய வரைவைக் காட்டுகின்றன. அவை பார்ப்பது ஒரே வரம்பிலிருந்து. துடிப்பின் ஒழுங்கு கெடுவதைக் காட்ட அவை வல்லன. மாரடைப்பு இல்லை என்று உறுதி கூற வல்லனவல்ல. நெஞ்சு நோவோடு இருந்துகொண்டு மணிக்கூட்டைப் பார்த்து ஆறுதலடையும் கணக்காளரும், இஞ்சி குடித்து ஆறுதலடையும் கமக்காரரும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

கேட்க வேண்டிய வினாக்கள்

ஒரு நாயின் காலைப் பற்றி ஒரு சபை வினவிய கதையை மேலே சொன்னோம். எங்கள் பிரதிநிதிகளும் வினவட்டும். "எங்கள் ஊருக்குக் கருவி தருவீர்களா?" என்ற ஒற்றை வினா போதாது, அதற்கு "தருவோம்" என்ற ஒற்றைச் சொல்லே விடையாகக் கிடைக்கும். வினாக்கள் இவ்வாறு அமையட்டும்.

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் பிரதேச வைத்தியசாலைகளுள் எத்தனையில் இன்று இயங்கும் ஈ.சி.ஜி. கருவி உண்டு? சுருளோ கம்பியோ இன்றிச் சென்ற ஆண்டில் எத்தனை நாள் அவை நின்றன? இரவிலும் ஞாயிறன்றும் வரைவு எடுப்பவர் யார்? எடுத்த வரைவை எத்தனை நிமிடத்தில் எவர் வாசிக்கின்றார்? கட்டியைக் கரைக்கும் மருந்து எந்த எந்த ஆதார வைத்தியசாலைகளில் எந்நேரமும் உண்டு? நெஞ்சு நோவோடு வந்தவர்களுள் எத்தனை பேருக்குப் பத்து நிமிடத்துள் வரைவு எடுக்கப்பட்டது? போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஆதார, பிரதேச வைத்தியசாலைகளுட் பல மாகாணத்தின் கீழும் இருப்பதனால், ஒருவர் மற்றவரைச் சுட்டுவதற்கு இடமுண்டு. ஆகவே இரு தரப்பினரிடமும் ஒரே நாளில் ஒரே வினாவைக் கேட்க வேண்டும்.

கிராமச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் செய்ய வேண்டியவையும் உண்டு. நெஞ்சின் நடுவே அமுக்கும் நோ, கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, வியர்வை, மூச்சு முட்டு ஆகியவற்றுள் எது வந்தாலும் வாய்வு என்று தாமே முடிவு கட்டாமல் 1990 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லட்டும். முன்பு எடுத்த வரைவு வீட்டில் இருந்தால் அதனையும் கையோடு கொண்டு போகவேண்டும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வைத்தியருக்குப் பெருந் துணை. அந்தக் கடதாசி வெப்பத்தால் எழுதப்படுவது. வெயிலிலும் சூட்டிலும் காலப்போக்கில் எழுத்து மங்கிவிடும். ஆகவே உடனே ஒரு பிரதி எடுத்து, காணி உறுதியைக் காப்பதுபோற் காத்து வையுங்கள்.

வைத்தியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வரைவில் என்ன கண்டீர்கள் என்பதை நோயாளிக்கு அவர் மொழியிலே சொல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழாக்கி 1857 இல் வெளியிட்டார். ஒரு முழுச் சாத்திரத்தைத் தமிழிற் சொல்ல அன்றே முடிந்தது என்றால், "உங்கள் இருதயத்தின் கீழ்ப்பக்கத்து நாடி அடைபட்டிருக்கின்றது, நாளை தோட்டத்துக்குப் போகலாகாது" என்று சொல்வதற்கு இன்று தமிழ் போதாமற் போய்விடாது. விளங்கிய நோயாளி மருந்தை விடமாட்டார். அடுத்த முறை பிந்தியும் வரமாட்டார்.

கருவி மலிந்துவிட்டது, மருந்து உண்டு, வண்டி உண்டு, தொலைபேசி உண்டு. இவற்றை ஒரே கயிற்றிற் கட்டுவது விஞ்ஞானியின் வேலையன்று, நிருவாகத்தின் வேலை, நிருவாகத்தை அசைப்பது மக்களின் வேலை. எங்கள் வாக்கைக் கேட்டு வருவோரிடம் கருவிக்கு வாக்குறுதி வாங்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு வாக்குறுதி வாங்குங்கள். அதன்பின் மணிக்கூட்டைக் கையிலே வைத்துக்கொண்டு கணக்குக் கேளுங்கள்.